நடுங்காத கை

நடுங்குகிற கையை நம்பலாம், நடுங்காத கையைத்தான் நம்பக்கூடாது. அந்த வீட்டில் இருபது வருஷமாக இதுதான் சட்டம். ஊர் உலகத்தில் எல்லோரும் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். சொல்லட்டும். அவர்கள் யாரும் மாஸ்டரோடு குடித்தனம் நடத்தியவர்கள் இல்லை.

மாஸ்டர் என்றால் கட்டிங் மாஸ்டர். சட்டை தைக்கிற கம்பெனியில் துணி வெட்டுகிறவர். நாற்பது அடுக்குத் துணியை மேசைமேல் விரித்து, மேலே அட்டையை வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டு, மெஷினைப் பிடித்து ஓட்டினாரென்றால் கழுத்து வளைவு நாற்பதும் ஒன்றுபோல விழும். ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது. அவர் மனைவிக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. தைத்து வருகிற சட்டையைப் பரப்பிவைத்துக் குறை பார்க்கிற செக்கிங் மேசை. கோணல் தையல், விட்டுப்போன பொத்தான், எண்ணெய்க் கறை எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. தையல் வரிசையில் இருந்த பெண்கள் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவளும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டாள். குறை கண்டுபிடிக்கத்தானே சம்பளம் கொடுக்கிறார்கள்.

அந்தப் பூதக்கண்ணாடி, புருஷன் குடித்திருக்கிறாரா இல்லையா என்பதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டாள், வெட்டின துணியைப் பார்த்துச் சொல்வாள். காலையில் முதலில் வருகிற துணிக்கட்டின் விளிம்பு எலி கடித்தது போல இருந்தால், மனிதர் இன்னும் வாயில் ஊற்றவில்லை. பத்து மணிக்கு மேல் வருகிற கட்டு வழவழவென்று இருந்தால், கழிவறைப் பக்கம் போய்வந்துவிட்டார். வீட்டிலும் இதே கதைதான். விடிந்ததும் டம்ளரைப் பிடிக்கிற கை ஆடி, காப்பி பாதி சட்டையிலும் பாதி தரையிலும் கொட்டினால் அவளுக்கு நிம்மதி. கை ஆடாமல் நின்றுவிட்டால் அவளுக்கு வயிறு கலங்கும். ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு நிம்மதியும் இப்படி ஒரு கலக்கமும் வரவேண்டும் என்று எந்தப் பாவி எழுதிவைத்தானோ.

குடியோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. ராத்திரித் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை, அது எடுபடாமல் இரண்டு, பிறகு நாலு என்று அதுவும் கூடவே வளர்ந்தது. மகளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் எழுதச் சொன்னதற்கு, தூங்குகிறார் என்று எழுதிவிட்டு வந்தாள். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாராம். வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் ஒருநாள் மெஷின் அவருடைய இடது சுட்டுவிரல் நுனியைக் கொண்டுபோனது. அன்றைக்கு அவர் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. விரல் போனதே தெரியாமல் இரண்டு முழம் தூரம் வெட்டிக்கொண்டே போயிருக்கிறார். கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்கு, அவள் ஒரு பையில் நாலு சட்டையையும் சவரப் பெட்டியையும் போட்டு வாசலில் வைத்திருந்தாள். ஒன்றரை வருஷம் ஒரு சொட்டுத் தொடாமல் இருந்தால் கதவைத் திறப்பேன், தொட்டால் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவேண்டாம் என்று சொன்னாள். சத்தம் போடவில்லை. சத்தம் போடுகிற கட்டமெல்லாம் பத்து வருஷம் முன்பே தாண்டிப் போயிருந்தது.

மாஸ்டருடைய அண்ணன் டயர் கடை வைத்திருந்தார். பையோடு வந்து நின்ற தம்பியை அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு நேராக ஒரு சிகிச்சை மையத்துக்குக் கூட்டிப் போனார். முதல் வாரம் முழுக்கத் தம்பிக்கு உதறல், வியர்வை, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று அலறல். அண்ணன் கடையைப் பூட்டிவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்து, இல்லாத பூச்சியையெல்லாம் செருப்பால் அடித்துக் கொன்றார். இதோ இன்னொன்று என்று தம்பி காட்டினால், இதையும் விடமாட்டேன் என்று எழுந்துபோய்ச் சுவரில் அடிப்பார். பக்கத்துக் கட்டில்காரர், இங்கே யாருக்கு வைத்தியம் நடக்கிறது என்று கேட்டாராம். அதன் பிறகு தம்பியைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அண்ணிக்கு மனசில்லைதான், ஆனாலும் புருஷன் சொல்லைத் தட்டவில்லை.

மாஸ்டர் குடியை விட்டார். உண்மையாகவே விட்டார். ஆனால் விட்ட மனிதர் பழைய மனிதர் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அது சும்மா சொன்னது இல்லை என்று அவரைப் பார்த்தால் தெரியும். கரண்டி கீழே விழுந்தால் துள்ளுவார். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் முகம் வெளுத்துவிடும். போன் மணி அடித்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். கம்பெனியில் மெஷினைக் கொடுக்கப் பயந்து, வெட்டின கட்டுகளுக்கு நம்பர் ஒட்டுகிற வேலைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த ஸ்டிக்கரும் கோணலாகத்தான் விழும். இருபது வருஷம் கழுத்து வளைவு வெட்டின கைக்கு இப்போது ஒரு சின்னக் காகிதத்தை நேராக ஒட்ட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் மகளைப் பார்க்க வருவார். அவர் வருவதற்குள் பூதக்கண்ணாடி சமையலை முடித்துவிடுவாள், குக்கர் விசில் அடித்தால் மனிதர் கூரை வரைக்கும் துள்ளிவிடுவார் என்று. கதவு காற்றில் அடிக்காமல் இருக்கத் துணியை மடித்துச் செருகிவைப்பாள். பத்தாவது படிக்கிற மகள், அப்பா வருகிற அன்றைக்கு மட்டும் நம் வீடு லைப்ரரி ஆகிவிடுகிறது என்று கிண்டல் செய்வாள். அவர் வந்து சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து காப்பியை இரண்டு கையாலும் பிடிப்பார். டம்ளர் பல்லில் பட்டு டக் டக்கென்று சத்தம் போடும். அவள் அடுப்பைத் துடைக்கிற சாக்கில் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். நடுங்குகிறது, நல்லது, இந்த வாரமும் தொடவில்லை.

அந்த ஒன்றரை வருஷம் முடிய இன்னும் பத்து நாள்தான் இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இல்லை, அதற்கு அடுத்தது. அவள் யாரிடமும் சொல்லாமல் அலமாரியில் பாதியைக் காலிசெய்தாள். புதுத் தலையணை ஒன்று வாங்கி, மகள் கேட்டபோது பழையது கட்டி தட்டிவிட்டது என்று பொய் சொன்னாள். இந்த வயதில், இவ்வளவு பட்ட பிறகு, அந்த மனிதர் வரவேண்டும் என்று தனக்கு இத்தனை ஆசை இருப்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் இருந்தது. சூடுபட்ட கையைத் தண்ணீரில் வைத்தது போல, அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தாலே அவளுக்கு இதமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அண்ணன் செத்துப்போனார். கடையில் ஒரு லாரிச் சக்கரத்துக்கு நட்டு முடுக்கிக்கொண்டிருந்தவர், அப்படியே சக்கரத்தின்மேல் சாய்ந்துவிட்டார். நட்டு முடுக்குகிற ஸ்பானரை அவர் கையிலிருந்து பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது என்றார்கள். தகவல் முதலில் மாஸ்டருக்குத்தான் போயிற்று. சூப்பர்வைசர் மேல்மாடிக்கு ஏறி வந்து அவளிடம் சொன்னபோது, மாஸ்டர் கிளம்பிப் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது.

அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வழியெல்லாம் அவருக்காகத்தான் பயந்தாள். கரண்டிச் சத்தத்துக்குத் துள்ளுகிறவர் இதை எப்படித் தாங்குவார், எங்கே விழுந்து கிடக்கிறாரோ, யார் தூக்கினார்களோ. உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மாஸ்டர் கவுண்டரில் நின்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பேனா ஆடவில்லை. பழைய நாளில் அட்டையில் அளவு எழுதுவாரே, அதே முத்துமுத்தான எழுத்து. எழுதிவிட்டு, உடம்பை எப்போது கொடுப்பார்கள், வண்டிக்கு யாரிடம் சொல்லவேண்டும் என்று நிதானமாகக் கேட்டார். அண்ணிக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அவர் கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

அவள் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை. கிட்டே போனாள். அவர் கையிலிருந்து குப்பென்று ஸ்பிரிட் வாடை அடித்தது. அது ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டியிருக்கிற கை துடைக்கும் மருந்து. உள்ளே போகிற எல்லோரும் தடவிக்கொண்டுதான் போனார்கள், அவளும் தடவியிருந்தாள். இதெல்லாம் அவளுக்குப் பின்னால்தான் உறைத்தது. பின்னால் உறைத்து என்ன பிரயோஜனம்? சூடு கண்ட பூனைக்குப் பச்சைத் தண்ணீரும் கொதிக்கிற தண்ணீர்தான். அங்கே அண்ணிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

மறுநாள் காலை அண்ணன் வீட்டில் கூட்டம் கூடிவிட்டது. கூடத்தில் உடம்பை வைத்திருந்தார்கள், வாசல் வரைக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகள். வண்டி பத்து மணிக்கு. மாஸ்டர் ஒருத்தரை உட்காரவைத்தார், ஒருத்தருக்கு வழி சொன்னார், சமையலறைக்குள் போய்த் தானே டீ போட்டுத் தட்டில் அடுக்கிக்கொண்டு வந்தார். பதினாறு கப், ததும்பத் ததும்ப. கூட்டத்துக்கு நடுவே வளைந்து நெளிந்து ஒரு சொட்டுச் சிந்தாமல் அவர் நடந்துவருவதை அவள் எதிர்ப்பக்கச் சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உறவுக்காரி, கல்லு மாதிரி இருக்காரு பாரு, வளர்த்த அண்ணன் கிடக்கிறார், கண்ணிலே தண்ணி வருதா என்று யாரிடமோ முணுமுணுத்தாள்.

அவ்வளவுதான், அவளுக்குள் கட்டியிருந்தது உடைந்தது. எழுந்துபோய் மாடி அறையில் இருந்த அவருடைய பையை எடுத்துத் தலைகீழாகக் கொட்டினாள். மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். கழிவறைத் தொட்டியின் மூடியைத் திறந்து கையை விட்டுத் துழாவினாள். அலமாரிக்குப் பின்னால், ஷூவுக்குள், தண்ணீர்க் குழாய்க்கு அடியில் என்று இருபது வருஷத்தில் அவர் ஒளித்த இடம் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது அவளுக்குச் சந்தேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டத்தான் செய்தது. சத்தம் கேட்டு மேலே வந்த மாஸ்டரை, மாடிப்படி முழுக்க ஆட்கள் எட்டிப் பார்க்கப் பார்க்க, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து அவர் வாயை முகர்ந்தாள்.

"குடிக்கலை" என்றார் அவர். குரலும் ஆடவில்லை. "கை ஏன் ஆடலைன்னு எனக்கே தெரியலை. உள்ள ஒண்ணுமே அடிக்கலை. எனக்கே பயமா இருக்கு."

தெளிவாகப் பேசினார். குடித்தால்தான் அவர் இவ்வளவு தெளிவாகப் பேசுவார். இத்தனை வருஷத்தில் அவள் புருஷனை ஒருமுறைகூட நீ என்று சொன்னதில்லை, அவர் தெருவில் விழுந்து கிடந்த நாளிலும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னாள்.

"உனக்காகப் பூச்சி அடிச்ச மனுஷன் கீழ கிடக்காரு. அந்தச் சாவுகூட உனக்குக் குடிக்க ஒரு சாக்கு."

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ளமுடியாது. அது படியிறங்கிக் கூடம் முழுக்கப் பரவியது. அப்பா குடிக்கலைம்மா, நேத்திலிருந்து நான் கூடவேதான் இருக்கேன் என்று மகள் அழுதுகொண்டே சொன்னாள். சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணி எழுந்து வந்தார். முந்தின நாள் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"தம்பி, நீங்க வெளிய போயிடுங்க. அவர் உடம்பு மேல கை வைக்காதீங்க."

மாஸ்டர் போனார். படியிறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனார். பத்து மணிக்கு வண்டி கிளம்பியபோது அவர் தெருவுக்கு அந்தப் பக்கம், ஒரு மூடின கடையின் ஷட்டரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். அண்ணனை நாலு பேர் தூக்கி வண்டியில் வைத்தார்கள். அந்த நாலு பேரில் இரண்டு பேருடைய பெயர்கூட மாஸ்டருக்குத் தெரியாது.

அன்று சாயங்காலமே அண்ணி அவருடைய பையை வாசலில் வைத்துவிட்டார். அவர் கம்பெனியின் துணி குடோனில், காவலாளியிடம் சொல்லிவிட்டு, துணிச் சுருள்களுக்கு நடுவே படுத்துக்கொள்கிறார் என்று பேச்சு வந்தது. கட்டிங் ஹால் இருக்கிற கீழ்மாடிப் பக்கமே அவள் போகவில்லை. அலமாரியில் காலிசெய்த பாதியில் பழைய போர்வைகளைத் திணித்து மூடினாள். மகள் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். சட்டைகளில் இல்லாத குறையெல்லாம் கண்டுபிடித்து அந்த வாரம் அவள் திருப்பி அனுப்பியதில், பூதக்கண்ணாடிக்கு இப்போது ரெட்டைக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள் என்று தையல் பெண்கள் புலம்பினார்கள்.

ஒரு வாரம் கழித்து, வியாழக்கிழமை காலையில் சிகிச்சை மையத்திலிருந்து நர்ஸ் போன் செய்தாள். தினமும் வந்துகொண்டிருந்த மாஸ்டர் இரண்டு நாளாக வரவில்லை, நீங்கள் ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள் என்றாள். போகவேண்டாம் என்று நினைத்தபடியேதான் அவள் போனாள்.

மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை, அதுதான் மையம். நர்ஸுக்கு அவளைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். மேசைமேல் ஊதிப் பார்க்கிற கருவியும் ஒரு நீள நோட்டும் இருந்தன. நோட்டைத் திருப்பி அவள் பக்கம் வைத்தாள். போன வெள்ளிக்கிழமை, பதினொன்றே கால் மணி, மாஸ்டர் பெயர், எதிரே பூஜ்யம். வண்டி கிளம்பின கையோடு நேராக இங்கேதான் வந்திருக்கிறார். தானாகவே கருவியைக் கேட்டு வாங்கி ஊதி, எழுதிக்கொள்ளுங்கள் சிஸ்டர் என்று சொல்லியிருக்கிறார். ஒருவேளை என்னையறியாமல் குடித்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது என்றாராம். சனி பூஜ்யம். ஞாயிறு பூஜ்யம். திங்கள் பூஜ்யம். செவ்வாயும் புதனும் வெறுமையாக இருந்தன.

அவள் அந்த நாலு பூஜ்யத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, அப்போ கை ஏன் ஆடவில்லை, கண்ணில் ஏன் தண்ணி வரவில்லை என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"உடம்புக்குள்ள ஒரு காவல்காரன் இருக்கான்க்கா. ஆபத்து வந்தா எழுந்து மணி அடிக்கிறது அவன் வேலை. இவர் இருபது வருஷம் அவனுக்கும் சேர்த்து ஊத்திக் குடுத்துருக்காரு. போதாததுக்கு மாத்திரை. அவன் கெட்டுப்போயிட்டான். இப்ப எலி ஓடினா ஊரைக் கூட்டுறான், திருடன் வந்தா தூங்குறான். சரியாக நாளாகும், சிலருக்கு வருஷக்கணக்குல ஆகும். ஆனா மணி அடிக்கலைன்னா துக்கம் இல்லைன்னு அர்த்தம் இல்லை. அது உள்ளயே நிக்கும். இந்த மாதிரி நேரத்துல பக்கத்துல ஆள் இருக்கணும்."

கீழே மருந்துக் கடையில் யாரோ ஷட்டரை இழுத்தார்கள். அந்தச் சத்தத்துக்கு அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். நர்ஸ் நோட்டை மூடினாள். நீங்கள் எத்தனை வருஷமாக இப்படித் துள்ளுகிறீர்கள் என்று கேட்டாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எந்தச் செருப்பு, எந்த நடை, தள்ளாட்டம் உண்டா இல்லையா என்று காதைத் தீட்டியே பழகிப்போனவள் அவள். ஒரு சொட்டுக் குடிக்காதவளுடைய காவல்காரனும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

மாஸ்டர் ஏன் இரண்டு நாளாக வரவில்லை என்று விசாரியுங்கள் என்று நர்ஸ் இரண்டு தடவை சொன்னாள். அது அவள் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. அந்த நாலு பூஜ்யம் மட்டும்தான் ஏறியிருந்தது. பஸ்ஸில் வழிநெடுக அழுதாள். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார். காலரைப் பிடித்து இழுத்தது, முகர்ந்தது, நீ என்று சொன்னது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவளை அறைந்தன. அண்ணனைத் தூக்கவேண்டிய தோளை அந்த ஷட்டரில் சாயவைத்தவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவேண்டாம், இன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று முடிவுசெய்தாள். இனி ஒருநாளும் அந்த மனிதரை மோப்பம் பிடிக்கமாட்டேன், கையைப் பார்த்து எடைபோடமாட்டேன் என்று பெற்ற மகள்மேல் சத்தியம் செய்துகொண்டாள்.

கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளை. கீழ்மாடிக் கட்டிங் ஹாலில் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். வாசலில் எதிர்ப்பட்ட சூப்பர்வைசர் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார், மாஸ்டர் பழையபடி ஆயிட்டாரும்மா, நேற்று மெஷினைக் கையில் கொடுத்துப் பார்த்தேன், என்ன கை, என்ன கை. அவள் உள்ளே போனாள். நீள மேசையின் கோடியில் மாஸ்டர் தனியாக நின்று, வெட்டின கட்டுகளை அடுக்கிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் மேசையோரமாக நடந்துபோனாள். வரிசையாகக் கட்டுகள் இருந்தன. காலர், கை, முதுகு. கண் தன் புத்தியைக் காட்டாமல் இருக்குமா? விளிம்பெல்லாம் வழவழவென்று, ஒரு பிசிறு இல்லாமல் இருந்தது. வயிற்றுக்குள் அந்தப் பழைய கலக்கம் தலைதூக்கியது. அவள் அதை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். காவல்காரன் தூங்குகிறான், அவ்வளவுதான். துக்கம் உள்ளே நிற்கிறது, அதனால்தான் கை நிற்கிறது. படித்த பெண் சொல்லியிருக்கிறாள், நோட்டில் எழுதியிருக்கிறது. இதற்கு மேலும் சந்தேகப்பட்டால் நான் மனுஷியே இல்லை.

கிட்டே போனதும் முகத்தைத் திருப்பிவைத்துக்கொண்டு, மூச்சை மெதுவாக விட்டாள். செய்த சத்தியத்தை முதல் நிமிஷத்திலேயே உடைத்துவிடக் கூடாது. அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கி மேசைமேல் வைத்தாள். அந்த இரண்டு கையையும், நுனி போன விரலோடு சேர்த்துத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். அவை சூடாகவும் அசையாமலும் இருந்தன.

நோட்டைப் பார்த்ததைச் சொன்னாள். நாலு பூஜ்யத்தைச் சொன்னாள். காவல்காரனைப் பற்றி நர்ஸ் சொன்னதை முன்னும் பின்னுமாகக் குழப்பிச் சொன்னாள். அண்ணி வீட்டுக்குப் போய் எல்லோர் முன்னாலும் நானே சொல்கிறேன், என் வாயால் கெடுத்ததை என் வாயாலேயே சரிசெய்கிறேன் என்றாள். அலமாரியில் பாதி இடம் இருக்கிறது என்றாள். தலையணை வாங்கிவைத்ததையும் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் மன்னிப்பு என்று ஒன்று கேட்டதில்லை, அதற்கு அவசியமும் வந்ததில்லை. இப்போது கேட்டாள்.

"என்னை மன்னிச்சுருங்க. வாங்க, வீட்டுக்குப் போலாம். இப்பவே."

அவருடைய கண்கள் சிவந்து வீங்கியிருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். அழுதிருக்கிறார், கடைசியில் அழுகை வந்துவிட்டது என்று நினைத்து அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. அவர் மெதுவாகத் தன் கையை உருவிக்கொண்டார். மேசையின் அந்தப் பக்கம் போய், அவளுக்கும் தனக்கும் நடுவே வெட்டின துணி முழுவதும் இருக்கும்படி நின்றுகொண்டார்.

"அன்னைக்கு நான் குடிக்கலை."

தெரியும், அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றாள் அவள்.

"இன்னைக்குக் குடிச்சிருக்கேன். செவ்வாய்க்கிழமையிலேருந்து குடிக்கிறேன்." அவர் ஒரு கட்டைத் தொட்டு நேராக்கி வைத்தார். "நாலு நாள் அந்தக் குடோன்ல அண்ணனை நினைச்சு நினைச்சுப் பார்த்தேன். பூச்சி அடிச்சதெல்லாம் நினைச்சுப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணி வரலை. அவருக்காக அழக்கூட முடியாத ஜென்மமா ஆயிட்டோமேன்னு இருந்துச்சு. ஒரு வாய் ஊத்தினப்புறம்தான் அழ வந்துச்சு."